வீட்டை விற்கப் போறீங்களா? பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்...

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்று சொல்லி வைத்த பெரியவர்கள், ‘வீட்டை விற்றுப் பார்’ என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் வீட்டை விற்பது அபூர்வம். விற்றாலும் நாலு பேருக்குத் தெரியாமல்தான் விற்பார்கள். இன்று அப்படியில்லை. பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ தங்கிவிடுகிறார்கள். பெற்றோரால் மாடிப்படி ஏற முடியவில்லை. இரண்டு படுக்கையறை போதாமல் குடும்பம் பெரிதாகிறது. விற்பதற்குக் காரணங்கள் எத்தனையோ.

காரணம் எதுவானாலும் பல குடும்பங்களுக்கு ஆயுள் சேமிப்பே அந்த நான்கு சுவருக்குள்தான் இருக்கிறது. அம்மா அப்பாவின் மருத்துவச் செலவும், அடுத்த வீட்டுக்கான முன்பணமும் அதிலிருந்துதான் வர வேண்டும். வாங்க வருபவர் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒழுகும் ஒரு குழாயைக் காட்டி, “ரெண்டு லட்சம் குறைச்சுக்கோங்க” என்று சொல்லும்போதுதான், முன்பே சரி செய்திருக்கலாமே என்று தோன்றும்.

விற்பது என்று முடிவானதும் பலர் முதலில் கூப்பிடுவது பெயின்டரை. அவருடைய வேலை கடைசிக்கு முந்தையது. அதற்கு முன்னால் வீட்டுக்குள் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

வாசலில் இருந்து ஒரு நடை

இருபது வருடம் வாழ்ந்த வீட்டின் குறைகள் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாது. குளியலறைக் கதவைச் சற்றுத் தூக்கித்தான் சாத்த வேண்டும் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் பழகிப் போயிருக்கும். புதிதாக வருபவருக்கு அது உடைந்த கதவு.

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, வாங்க வருபவர் போலவே வாசலில் இருந்து நடந்து வரலாம். ஒவ்வோர் அறையிலும் நின்று தரை, சுவர், கூரை, ஜன்னல், கதவு, சுவிட்ச் என்று வரிசையாகப் பார்த்து, ‘ஒழுகுவது’, ‘உடைந்தது’, ‘அழுக்கு’ என்று மூன்று பட்டியலாக எழுதிக்கொள்ளலாம். வெகுநாளாக வீட்டுக்கு வராத உறவினர் ஒருவரையும் உடன் அழைத்துப் போவது நல்லது. வீட்டின் வாடை அவர் மூக்குக்குத்தான் சரியாகத் தெரியும்.

பரணில் இருந்து தொடங்கலாம்

அடுத்த வேலை, சாமான்களைக் குறைப்பது. சாமான் நிறைந்த அறை சிறியதாகத் தெரியும் என்பது ஒரு காரணம். பீரோவையும் கட்டிலையும் நகர்த்தினால்தான் பின்னால் ஓதம் காத்த சுவரும் கரையான் அரித்த மூலையும் வெளியே வரும் என்பது இன்னொரு காரணம். அதனால் பழுது பார்ப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

பரணில் என்னதான் இருக்காது? எப்போதோ வாங்கிய டி.வி.யின் அட்டைப்பெட்டி, ஓடாத மிக்ஸி, பிள்ளைகளின் மரத்தொட்டில், பாட்டியின் கல்சட்டி, சீராக வந்த பித்தளை அண்டா... எல்லாவற்றையும் கீழே இறக்கி நான்காகப் பிரிக்கலாம். கூடவே எடுத்துப் போவது, உறவினருக்குக் கொடுப்பது, காயலான் கடைக்குப் போடுவது, இப்போதைக்கு முடிவெடுக்க முடியாதது. நான்காவது குவியலுக்கு ஒரே ஒரு பெட்டி என்று அளவு வைத்துக்கொள்ளாவிட்டால், எல்லாம் அதிலேயே போய்ச் சேரும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வேலையை அவர்கள் இல்லாத நேரத்தில் செய்யக் கூடாது. மகனுக்கு அது பழைய இரும்பு. அம்மாவுக்கு அது தனிக்குடித்தனம் வந்த நாளில் வாங்கிய முதல் சாமான். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கதையையும் கேட்டுக்கொண்டே, ஒரு நாளைக்கு ஓர் அறை என்று போனால் போதும். அவசரப்பட்டால் சண்டைதான் மிஞ்சும்.

பழைய டிரங்குப் பெட்டியையும் பேப்பர் கட்டையும் பிரித்துப் பார்க்காமல் எடைக்குப் போடவே கூடாது. மூலப் பத்திரம், பட்டா, அனுமதி பெற்ற கட்டட வரைபடம், பழைய சொத்து வரி ரசீது எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். வாங்குபவரின் வழக்கறிஞரும் கடன் தரும் வங்கியும் அசல் பத்திரங்களைக் கேட்பார்கள். மூலப் பத்திரம் தொலைந்துவிட்டால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம் என்று அலைய வேண்டி வரும்.

ஓதத்தின் மேல் பெயின்ட் அடித்தால்...

வீடு விற்பனையில் பெரும்பாலான பேச்சும் பேரமும் சுற்றி வரும் இடம் இதுதான். கூரையில் பழுப்பு வட்டம், சுவரில் மாவு தூவியது போல் வெள்ளையாகப் பூத்த உப்பு, கொப்பளித்து உரியும் பெயின்ட். மூன்றுக்கும் காரணம் தண்ணீர். செங்கலிலும் சிமென்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும் ஈரம், சுவரின் மேற்பரப்பில் காய்ந்ததும் உப்பு மட்டும் அங்கே தங்கிவிடுகிறது. அதன் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் மீண்டும் உரியும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மொட்டை மாடியின் தட்டோடுகளுக்கு இடையில் விரிசலா, மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா, குளியலறைத் தரைக்குக் கீழே கசிவா, சுவருக்குள் போகும் குழாயில் ஓட்டையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஃப்ளாட்டில் மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து கசிந்தால், மேல் வீட்டுக்காரரிடமும் சங்கத்திடமும் இப்போதே பேசிவிடுவது நல்லது. விலை பேசி முடித்த பிறகு அந்தப் பேச்சு இன்னும் சிக்கலாகும். நீர்க்கசிவுத் தடுப்பு வேலை முடிந்ததும், தரையில் தண்ணீரைத் தேக்கி ஒரு நாள் வைத்துப் பார்த்த பிறகே கொத்தனாருக்குக் கணக்கு முடிக்க வேண்டும்.

பழைய கான்கிரீட் வீடுகளில் கூரைப் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிவதும் உண்டு. கம்பி துருப்பிடிக்கும்போது பருமன் கூடும். அதுவே மேலுள்ள கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. இதைச் சிமென்டால் பூசி மறைப்பது ஆபத்து. அனுபவமுள்ள கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்ட வேண்டும். சரி செய்ய வசதியில்லை என்றால், குறையைச் சொல்லி அதற்கேற்ப விலை வைப்பதே நேர்மையான வழி.

இதில் சட்டமும் இருக்கிறது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, விற்பவரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. சொத்தில் அவருக்குத் தெரிந்த முக்கியமான குறை ஒன்று இருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் அது கண்ணில் படாது என்றால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, அதைச் சொல்லிவிட வேண்டியது விற்பவர் பொறுப்பு. சொல்லாமல் விடுவதை மோசடி என்றே அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது.

சட்டம் இருக்கட்டும். வாங்க வருபவர்களின் கண்ணும் சாதாரணமானதல்ல. ஒரே ஒரு சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தால், “இங்க மட்டும் ஏன் புதுசா அடிச்சிருக்கீங்க?” என்ற கேள்வி வரும். அதற்குத் தடுமாறினால், வீட்டில் நன்றாக இருப்பவற்றின் மீதும் சந்தேகம் விழும். எங்கே கசிந்தது, என்ன வேலை செய்தோம் என்று பில்லோடு காட்டினால் அதே சுவர் நம்பிக்கையைத் தரும்.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தமிழகத்தின் பெரும்பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீடு வாங்குவதைத் தள்ளிப் போடுவார்கள். தை பிறந்ததும் விசாரிப்பு கூடும். தையில் விற்க நினைப்பவர், கசிவு வேலைகளை மழைக்கு முன்பே முடித்துவிட்டு, மழைக்காலம் முழுக்கக் கூரையைக் கவனித்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ட் அடிப்பது நல்லது.

கை படும் இடங்கள்

வீடு பார்க்க வருபவர்கள் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. குழாயைத் திறப்பார்கள், ஃப்ளஷ்ஷை அழுத்துவார்கள், சுவிட்சைத் தட்டுவார்கள், ஜன்னல் கதவைத் தள்ளுவார்கள். அதனால் சொட்டும் குழாய்க்கு வாஷர், கிறீச்சிடும் கீலுக்கு எண்ணெய், விழாத தாழ்ப்பாளுக்குத் திருகாணி, எரியாத விளக்குக்குப் பல்பு என்று சின்னச் சின்ன வேலைகளை முடித்துவிட வேண்டும். பிளம்பர், எலெக்ட்ரீஷியன், தச்சர் மூவருக்கும் ஆளுக்கு ஒரு நாள் ஒதுக்கினாலே பட்டியலில் பாதி குறைந்துவிடும்.

பழைய வீடுகளில் இன்னும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இருக்கின்றன. மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துவது, அழகுக்காகச் செய்யும் பல செலவுகளைவிடப் பயனுள்ளது. விற்கும் வரை அந்த வீட்டில் இருக்கப் போகிறவர்களுக்கும் அது பாதுகாப்பு.

பூட்டிக் கிடக்கும் வீட்டில் கதவைத் திறந்ததும் சாக்கடை வாடை வீசினால், உடனே கழிவுநீர்க் குழாயைத் தோண்ட வேண்டியதில்லை. குளியலறைத் தரையில் உள்ள ‘டிராப்’பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று வாடையைத் தடுக்கும். வீட்டைப் புழங்காவிட்டால் அந்தத் தண்ணீர் வற்றிப்போய் வாடை மேலே வந்துவிடும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். பாச்சை உருண்டையும் ரூம் ஸ்பிரேயும் போட்டு மறைக்கப் பார்த்தால், “எதையோ மறைக்கிறாங்க” என்றுதான் தோன்றும். ஜன்னல்களைத் திறந்து காற்றாட விடுவதற்கு ஈடான வாசனை எதுவும் இல்லை.

சமையலறையை உடைக்க வேண்டாம்

விற்கும் நேரத்தில் புதிதாக மாடுலர் கிச்சன் போடுவது அவசியமில்லாத செலவு. செலவழித்த தொகை விலையில் அப்படியே திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வாங்குபவர் தன் விருப்பத்துக்கு அதைக் கழற்றிவிட்டு வேறு போட்டாலும் போடுவார். அடுப்பு மேடைக்குப் பின்னால் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு, எக்ஸாஸ்ட் ஃபேனின் கருப்பு, சிங்க்குக்குக் கீழே உள்ள ஈரம், அலமாரி மூலைக் கரப்பான். இந்த நான்கையும் ஒழித்தாலே சமையலறை புதிதாகத் தெரியும்.

குளியலறையில் டைல்ஸ் இடுக்கில் கருத்துப்போன சிமென்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக கிரவுட் போடலாம். போர் தண்ணீர் விட்டுச் சென்ற உப்புக்கறை, வினிகரில் நனைத்த துணியைக் குழாயின் மேல் சற்று நேரம் சுற்றி வைத்துத் தேய்த்தால் இளகும். மார்பிள், மொசைக், சிமென்ட் தரைகளில் மட்டும் வினிகரோ எலுமிச்சையோ படக் கூடாது. அமிலம் கல்லையே அரித்துவிடும். ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கத்துக்கும் இதே எச்சரிக்கைதான். அதன் புகை மூச்சுக்கும் கெடுதல்.

பழசு என்று தள்ளாதீர்கள்

மொசைக் தரை மங்கியிருந்தால் மெஷின் வைத்து பாலீஷ் போட்டாலே பளபளப்பு திரும்பும். ரெட் ஆக்ஸைடு தரை, ஆத்தங்குடி டைல்ஸ், தேக்கு நிலைக்கதவு ஆகியவற்றுக்கு இப்போது தேடி வரும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அவற்றின் மேல் விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டுவதும், தேக்கில் எனாமல் பெயின்ட் பூசுவதும், இருக்கும் மதிப்பைக் காசு கொடுத்துக் குறைப்பதுதான். துடைத்து பாலீஷ் போட்டு, பழமையைப் பழமையாகவே காட்டலாம்.

இனிதான் பெயின்டர்

ஈரம் போய், சுவரும் காய்ந்த பிறகு பெயின்டரைக் கூப்பிடலாம். குழந்தைகள் அறையின் ஊதாவும், ஹாலின் ஒற்றைச் சிவப்புச் சுவரும் அந்தக் குடும்பத்தின் ரசனை. வருகிறவர் தன் சாமான்களை அங்கே கற்பனை செய்து பார்க்க வெண்மை, சந்தனம் போன்ற வெளிர் நிறங்களே வசதி. ஆணி அடித்த ஓட்டைகளை அடைத்து, பழைய ஸ்டிக்கர்களைச் சுரண்டி, சுவிட்ச் போர்டுகளையும் துடைத்துவிட்டால் பெயின்ட் எடுப்பாகத் தெரியும்.

வெளிச்சத்துக்கு அதிகச் செலவில்லை. ஜன்னல் கொசுவலையைக் கழற்றிக் கழுவினாலே பகல் வெளிச்சம் கூடும். ஒரே அறையில் ஒரு விளக்கு மஞ்சளாகவும் இன்னொன்று நீலம் கலந்த வெள்ளையாகவும் எரிந்தால் சுவர் திட்டுத்திட்டாகத் தெரியும். எல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும். அறையை முழுக்கக் காலி செய்ய வேண்டியதும் இல்லை. ஒரு கட்டில், ஒரு மேஜை இருந்தால்தான் எது எங்கே கொள்ளும் என்று பார்ப்பவருக்குப் புரியும்.

சாமி படமும் வாஸ்துவும்

பூஜை அலமாரியை அப்படியே வைத்திருக்கலாம். எண்ணெய்க் கறையும் வாடிய பூவும் இல்லாமல் சுத்தமாக இருந்தால் போதும். மாலை போட்ட தாத்தா பாட்டி படங்களை மட்டும், வீடு பார்க்க ஆட்கள் வரும் நாட்களில் உள்ளறைக்கு மாற்றி வைக்கலாம். பெரியவர்களிடம் காரணத்தைச் சொல்லி, அவர்கள் கையாலேயே எடுத்து வைக்கச் சொல்வது மரியாதை.

வாஸ்துவுக்காகச் சுவரை இடிப்பதோ வாசலை மாற்றுவதோ வேண்டாம். வாங்குபவர் வேறொரு ஜோதிடரை அழைத்து வருவார்; அவர் வேறொன்று சொல்வார். பால்கனியை அறையாக்குவது, இரண்டு அறைகளை ஒன்றாக்குவது போன்ற மாற்றங்களிலும் கவனம் தேவை. வீட்டுக் கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டாளர், அனுமதி பெற்ற வரைபடத்தோடு வீட்டை ஒப்பிட்டுப் பார்ப்பார். வரைபடத்தில் இல்லாத மாற்றம் இருந்தால், வாங்குபவரின் கடன் தாமதமாகலாம் அல்லது மறுக்கப்படலாம்.

போட்டோ எடுக்கும்போது

போட்டோவைப் பார்த்த பிறகே பலர் நேரில் வருகிறார்கள். அறையின் மூலையில் நின்று, நெஞ்சு உயரத்தில் போனை நேராகப் பிடித்து, பகல் வெளிச்சத்தில் எடுத்தால் போதும். அறையை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும் வைட் ஆங்கிள் படங்கள் நேரில் வரும்போது ஏமாற்றத்தையே தரும்.

படத்தில் குழந்தைகளின் முகம், பள்ளியின் பெயர், பீரோ லாக்கர், சாவிக்கொத்து, ஈ.பி. அட்டை எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குள் வரப் போகிறார்கள். நகைகளை வங்கி லாக்கருக்கு மாற்றிவிட்டு, முன்கூட்டியே நேரம் குறித்து வரச் சொல்லலாம். முதியவர்கள் தனியாக இருக்கும் நேரத்தில் வீடு காட்டாமல், குடும்பத்தில் இன்னொருவர் உடன் இருக்கும்போது காட்டுவது பாதுகாப்பு.

ஊஞ்சல் யாருக்கு?

பேச்சு முடிந்த பிறகு மனக்கசப்பு வருவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். “ஊஞ்சலும் சேர்த்துத்தானே சொன்னீங்க?” என்று வாங்குபவர் கேட்பார். பாட்டி உட்கார்ந்த ஊஞ்சலைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. எடுத்துப் போகப் போகும் பொருளை, வீடு காட்டுவதற்கு முன்பே கழற்றி வைத்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. ஃபேன், கீஸர், ஏ.சி., இன்வெர்ட்டர், தண்ணீர் சுத்திகரிப்பான், அலமாரி இவற்றில் எவை வீட்டோடு சேர்ந்தவை என்று விற்பனை ஒப்பந்தத்தில் பட்டியலாக எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தம் போட்டதோடு பொறுப்பு தீர்வதில்லை. சாவியை ஒப்படைக்கும் வரை, பொறுப்பான ஒரு வீட்டுக்காரர் போலவே வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே 55-வது பிரிவு சொல்கிறது. அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டதே என்று ஒழுகும் டேங்கை அப்படியே விடக் கூடாது.

செய்த வேலைகளின் பில்களைப் பத்திரப்படுத்துவதும் அவசியம். வீட்டை மேம்படுத்தச் செய்த செலவை மூலதன ஆதாய வரிக் கணக்கில் கழிக்க இடமுண்டு. வெள்ளையடிப்பது போன்ற வழக்கமான பராமரிப்பு பொதுவாக அதில் சேராது. எது எதில் வரும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நன்றாகத் தயார் செய்த வீடு என்பது, வாங்கியவர் முதல் மழையைப் பார்த்த பிறகும் விற்றவரிடம் முகம் கொடுத்துப் பேசக்கூடிய வீடு. அந்த நிம்மதியோடு சாவியைக் கொடுத்துவிட்டு வருவது, பிரிந்து போகும் குடும்பத்துக்கும் நல்லது.

வரிசை மாறாமல் செய்ய...

1. வாசலில் இருந்து நடந்து குறைகளைப் பட்டியலிடுதல்
2. பரண், பீரோ, அலமாரியைக் காலி செய்து, பத்திரங்களைத் தனியே எடுத்து வைத்தல்
3. நீர்க்கசிவு, கரையான், கூரைக் கம்பி ஆகியவற்றைச் சரி செய்தல்
4. பிளம்பிங், மின்சாரம், கதவு ஜன்னல் வேலைகள்
5. சுவர் காய்ந்த பிறகு பெயின்ட்
6. தரை பாலீஷ், சமையலறை, குளியலறைச் சுத்தம்
7. எடுத்துப் போகும் பொருட்களைக் கழற்றுதல்
8. பகல் வெளிச்சத்தில் போட்டோ, அதன் பிறகே விளம்பரம்